அப்பா வீட்டில் பூஜ்யம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. கேட்க வேண்டியவர்களிடம் எல்லாம் கேட்டாயிற்று. கேட்கத் தேவையில்லாத சிலரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஜொகூர் மாநிலத்தில் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து சாஆ வரைக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் எங்கே கூடினாலும், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்கிறார்கள். ஆளுக்கொரு மசாலா சேர்க்கிறார்கள். போன தீபாவளிக்குக் கேட்ட கதையில் நான் மயங்கி விழுந்து, என் முகத்தில் சோடா தெளித்திருந்தார்கள். (சோடாவும் இல்லை, மயக்கமும் இல்லை. நான் மயங்கி விழுகிற ரகமே கிடையாது.) அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலை மென்பொருள் எழுதுவது. கூரையில் சோலார் தகடு போட்ட வீடுகளில் பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, இன்வெர்ட்டர் ஒழுங்காக ஓடுகிறதா, வீடு எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதையெல்லாம் கைப்பேசியில் காட்டும் ஆப் எங்களுடையது. ஜொகூர் பாருவில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் அலுவலகம். மொத்தமே எட்டுப் பேர். அந்த ஆப்பைத் திறந்ததும் காலையிலிருந்து மாலை வரை ஏறி இறங்கும் ஒரு கோடு தெரியுமே, அது என் கைவண்ணம். நான் சொல்லப்போவது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. அப்போது அந்தக் கோட்டின் மேல் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. விருந்துக்குப் போன வீட்டிலும் கைப்பேசியை நீட்டி, "பாருங்க, இதுதான் காலையில எங்க வீட்டுல தோசை சுட்ட நேரம்" என்று காட்டுவேன். தோசை கேட்டவர்களுக்குக் கோடு கிடைத்தது.

அப்பா இரண்டு மணி நேரத் தூரத்தில் சாஆவில், வரிசை வீடு ஒன்றில் தனியாக இருந்தார். இன்றும் இருக்கிறார். முப்பது வருஷம் செம்பனை எண்ணெய் ஆலையில் இஞ்சின் பார்த்தவர். அம்மா போன பிறகு சமையலும் அவரே. அவருக்கு நெஞ்சில் ஸ்டெண்ட் வைத்ததும் தம்பி பிரபு ஒரே பிடியாக நின்றான். ஜொகூர் பாருவில் அவன் இருக்கும் அடுக்குமாடிக்கு அப்பா வந்துவிட வேண்டும், பதினோராவது மாடி, நல்ல காற்று.

"லிப்ட் நின்னுட்டா நான் எப்படி இறங்கறது? பறந்தா?" என்றார் அப்பா.

இருவருக்கும் நடுவில் நான் புகுந்தேன். அப்பா வீட்டில் சோலாரும் பேட்டரியும் போடுவோம், மின்சாரம் போனாலும் ஃபேன் ஓடும், அவர் எழுந்தாரா, தண்ணீர் கொதிக்கக் கெத்தல் வைத்தாரா, குளித்தாரா என்று கோட்டைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன் என்றேன். பிரபு யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டான்.

"சரிக்கா. ஆனா ஒரு தடவை ஏதாச்சும் ஆச்சுன்னா அப்புறம் பேச்சே கிடையாது. நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

அப்பா தலையாட்டினார். ஆக, அப்பா தன் சொந்த வீட்டில் இருப்பதும் இல்லாததும் என் கோட்டின் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்தது காவல் இல்லை, கொடுமை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்குக் கோடு சட்டென்று மேலே ஏறினால் உடனே போன். "அப்பா, இந்த நேரத்துல எதுக்குக் கெத்தல் வச்சீங்க? நெஞ்சு கரிக்குதா?" குளியலறை ஹீட்டர் நாற்பது நிமிஷம் ஓடினால் இன்னொரு போன். "சுடுதண்ணியில குளிக்கறதும் குத்தமாம்மா?" என்பார். கோடு தாழ்ந்து கிடந்தால் இன்னும் மோசம், வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். ஒரு நாள் அவர் மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போனதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அந்தக் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் அதை வைத்து அவருக்கு அரை மணி நேரம் அர்ச்சனை நடந்தது. "நீ பேசறது உங்கம்மா பேசறதைவிட நீளம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கல்யாணம் என்றேனே, அது சித்தி மகளுக்கு, ஜொகூர் பாருவில். அப்பா வரவில்லை. கூட்டம் ஆகாது என்று டாக்டர் சொன்னதாக அவரே சொன்னார். நானும் என் வீட்டுக்காரர் கணேசனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, மடியில் கைப்பேசி. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். எல்லாரும் மேடையைப் பார்க்க, நான் கோட்டைப் பார்த்தேன்.

பூஜ்யம். காலை எட்டு மணி பத்து நிமிஷத்திலிருந்து பூஜ்யம். தரையோடு தரையாகக் கோடு படுத்துக் கிடந்தது.

அப்பாவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏழு தடவை கூப்பிட்டேன். கணேசனை அவர் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, நான் அப்பாவின் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவைப் பிடித்தேன். அவர் ஓடிப் போய் வாசலில் நின்று நிலவரம் சொல்லும்போது இங்கே மாப்பிள்ளை கையில் தாலி, கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது.

"மலரு, கிரில் கேட்டுல பூட்டு உள்பக்கமா தொங்குது. மோட்டார் சைக்கிள் இங்கதான் நிக்குது. வீட்டுக்குள்ள போன் அடிக்கிற சத்தம் கேக்குது. அங்கிள் எடுக்க மாட்டேங்கறாரு லா..."

அவருடைய போன் வழியாக அப்பாவின் போன் உள்ளே அலறுவது எனக்கே கேட்டது. அம்மன் பாட்டு.

"ஐயோ, அப்பா!" என்று கத்திவிட்டேன். மேளம் சரியாக அந்த நொடியில்தான் நின்று தொலைத்தது. மாப்பிள்ளை தாலியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். (இரண்டு முடிச்சு போட்டாயிற்று, மூன்றாவதை அவருடைய அக்கா போட்டார். கல்யாணம் செல்லும்.)

இந்த இடத்தில் அந்த மலர்விழியை நிறுத்தி வைத்து நாலு கேள்வி கேட்க எனக்கு ஆசை. அதே திரையில் இன்னொரு கோடு இருந்தது, சூரியன் எவ்வளவு தருகிறது என்பதற்கு. அதுவும் பூஜ்யம். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். அப்பா மட்டுமல்ல, சூரியனும் காலை எட்டுப் பத்துக்குக் காலமாகியிருந்தது. இந்த ஆப்பை எழுதிய அம்மணிக்கு அது கண்ணில் படவே இல்லை.

குடும்ப வாட்ஸ்அப்பில் நான் போட்டது இவ்வளவுதான். "அப்பா போன் எடுக்கல. சாஆ பக்கம் யாராச்சும் இருந்தா போய்ப் பாருங்க." காரில் ஏறினோம். பின்னாலேயே பிரபுவின் கார், அதன் பின்னால் தனபாலன் மாமாவின் கார், அதற்கும் பின்னால் யார் யாரோ. மாமா அம்மாவின் அண்ணன், சாஆவில் கோயில் தலைவர். குலாய் தாண்டும்போது குழுவில் மாமாவின் செய்தி வந்தது: "மச்சான் இன்னும் எழுந்திருக்கல." சிம்பாங் ரெங்கம் தாண்டும்போது வேறு யாரோ: "மலரோட அப்பா தூக்கத்திலேயே..." மூன்று புள்ளி, கூப்பிய கை. யோங் பெங்கில் திரும்பும்போது என் கல்யாணத்தில் எடுத்த அப்பாவின் படம் வந்தது. கீழே ஓர் அகல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தயாராக வைத்திருந்தார்கள் போல.

அதைப் பார்த்ததும் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன். நேற்று சாயங்காலம் நான் அவரிடம் கடைசியாகப் பேசியது என்ன என்று யோசித்தேன். சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. சந்தைக்குப் போனதற்குத் திட்டியிருந்தேன். கணேசன் வண்டியை விரட்டினார். நான் வழி முழுக்க அழுதேன். அதை யாரும் கதையில் சேர்ப்பதில்லை, அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

வீட்டுத் தெருவில் திரும்பினால், நீலமும் வெள்ளையுமாகக் கூடாரம். அடியில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக. மாமா வழியிலேயே போன் போட்டுச் சொல்லிவிட்டார். கூடாரக்காரருக்கு சாயங்காலம் லாபிஸில் வேறு வேலை இருந்ததாம், பிந்தினால் கிடைக்காதாம். கல்யாணமோ கருமாதியோ, கூடாரம் முதலில் வந்துவிட வேண்டும் என்பது மாமாவின் கொள்கை. உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிரில்லை யாரும் தொடவில்லை. "பிள்ளைங்க வராம எப்படி உடைக்கறது?" என்று சரோஜா அக்கா காவல் நின்றார். அடுத்த தெரு வெல்டர் இரும்பு அறுக்கும் மெஷினோடு தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் ஓடி வந்து, "அறுங்க!" என்றேன். தீப்பொறி பறந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா, அப்பா என்று கத்தினேன். பின்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அதே நேரத்தில் தெருமுனையில் நடந்ததை அப்பாவும் கூடாரக்காரரும் தனித்தனியாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒத்துப்போகின்றன.

ஒரு பழைய வேன் வந்து நின்றது. பின்வீட்டு மலாய்க்காரர் பாக் டின்னின் வேன். அதிலிருந்து அப்பா இறங்கினார். ஒரு கையில் மீன் பை, இன்னொரு கையில் அன்னாசி. தெருவில் சாவு என்று புரிந்து, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். கூடாரம் வீட்டு நம்பரை மறைத்திருந்தது. கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம் குரலைத் தாழ்த்தி, "யாருப்பா?" என்றார்.

"இந்த வீட்டுப் பெரியவராம், ஐயா. தனியா இருந்தாராம்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். தன்னுடைய மோட்டார் சைக்கிள் தெரிந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே அலறியிருப்பார்கள். அப்பா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விசாரித்தாராம்.

"பிள்ளைங்க இல்லையா?"

"பொண்ணு ஒண்ணு இருக்காம். ஏதோ கம்ப்யூட்டர்லயே பாத்துக்கிட்டு இருந்துச்சாம்."

"அப்படியா. ஆள் எப்படியாம்?"

"நல்ல மனுஷன்தானாம். கொஞ்சம் பிடிவாதமாம்."

"அது சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

முதலில் பார்த்தது சரோஜா அக்கா. மாரில் அடித்த கை அப்படியே நின்றது. "அலமாக்!" என்றார். மாமா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். ஆவி என்று நினைத்தாரா, சாமி என்று நினைத்தாரா தெரியவில்லை, இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறார்.

"என் கேட்டை எதுக்குப்பா அறுக்கறீங்க? சாவி என்கிட்டல்ல இருக்கு" என்றார் அப்பா.

நான் ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். மீன் பை நடுவில் நசுங்கியது. அந்தப் பட்டுப் புடவையை மூன்று தடவை சலவைக்குப் போட்டும் கெம்போங் மீன் வாசனை போகவில்லை. கட்டிக்கொண்ட அரை நிமிஷத்திலேயே திட்டவும் ஆரம்பித்துவிட்டேன்.

"எங்கப்பா போனீங்க?"

"பொந்தியான். பாக் டின் அன்னாசி ஏத்தப் போனான், நானும் கூடப் போனேன். கடலைப் பாத்தேன். மீன் வாங்கினேன்."

"பூட்டு உள்பக்கமா இருந்துச்சே!"

"கையை உள்ள விட்டுப் பூட்டினேன். திருடன் பாத்தா ஆள் இருக்குன்னு நினைக்கணும்ல? இந்தத் தாமான் வீடுங்க எல்லாத்துலயும் அப்படித்தான் பூட்டறோம்."

சரோஜா அக்கா மெல்லத் தலையாட்டினார். அவர் வீட்டிலும் அப்படித்தான் பூட்டுவார்களாம். இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம்.

"போனை ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"அது நான் எங்க இருக்கேன்னு உன்கிட்ட சொல்லிடுமே."

"ஆப்புல ஜீரோ காட்டுச்சுப்பா! எட்டுப் பத்துலேர்ந்து ஜீரோ!"

அப்பா பூட்டைத் திறந்து உள்ளே போனார். கூட்டம் பின்னாலேயே போனது. டிவி மேசைக்குப் பக்கத்தில் மோடம் பிடுங்கிக் கிடந்தது. "வீட்டுல ஆளில்லைன்னு தெரிஞ்சா கத்துவியேன்னு இந்த நெட்டுப் பெட்டியை மட்டும்தான் பிடுங்கினேன்" என்றார். பிறகு சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜின் மேல் கையை வைத்தார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷம் இஞ்சின் பாத்தவன் கேக்கறேன். நான் செத்தா ஃபிரிட்ஜும் என்கூடவே சாகுமா, மலரு?"

அறுபது பேர் இருந்திருப்பார்கள். முதலில் வெல்டர் சிரித்தார். அப்புறம் எல்லாரும். என் ஆயுளில் அவ்வளவு பேரை ஒரே நேரத்தில் நான் சிரிக்க வைத்ததில்லை. காது வரைக்கும் எனக்குச் சூடு ஏறியது.

பிரபு மட்டும் சிரிக்கவில்லை. கண் சிவந்திருந்தது. அவனும் வழி முழுக்க அழுதிருக்கிறான்.

"சிரிக்கற விஷயமா இது? நெஞ்சுல ஸ்டெண்ட் வச்ச ஆளு, போன் இல்லாம, யார்கிட்டயும் சொல்லாம பொந்தியான் போறாரு. ஒரு தடவை ஏதாச்சும் ஆனா கூட்டிட்டுப் போவேன்னு சொன்னேன்ல? ஆயிடுச்சு. துணியை எடுங்கப்பா. இன்னிக்கே கிளம்பறோம்."

தன் சாவுக்கு வந்த கூடாரக்காரரிடம் வம்பு பேசிய மனுஷன், கையில் மீன் பையோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மோடத்தைப் பிடுங்கியது அப்பா, ஆகவே தப்பு அவருடையது, என் கோட்டில் குற்றமில்லை. கௌரவமாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எனக்கு ஆபீஸில் மெய் லிங் ஞாபகத்துக்கு வந்தாள். ஆப்பைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. மூன்று மாதத்துக்கு முன்பே என்னிடம் வந்து, "மலர், நோ டேட்டா வேற, ஜீரோ வேற லா. நெட் இல்லாட்டி உன் கோடு ஜீரோன்னு காட்டுது, பார்" என்று தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னவள். (தமிழ் அவள் என்னிடம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டது.) "எவன் போய் மோடத்தைப் பிடுங்கப் போறான்?" என்று கேட்டு, அவள் எழுதிய புகாரை நான் மூடி வைத்திருந்தேன்.

"பிரபு, தப்பு அப்பா மேல இல்ல, என் மேல" என்றேன். குரல் கல்யாண மண்டபத்தில் வந்த அதே உயரத்தில் வந்தது. "நெட் இல்லைன்னா என் ஆப்புக்கு ஒண்ணும் தெரியாது. தெரியலன்னு காட்டணும். நான் ஜீரோன்னு காட்டற மாதிரி எழுதிட்டேன். ஆபீஸ்ல எடுத்துச் சொன்னாங்க, நான் கேக்கல. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. அப்பா மீன் வாங்கப் போனாரு. அவ்வளவுதான்."

"அந்த ஆப்பை நம்பித்தானக்கா அவரை இங்க விட்டோம்?"

"அதான் தப்பு. நம்பறதா இருந்தா அப்பாவை நம்பணும். பொந்தியான் போறேன்னு சொன்னா நான் விட்டிருப்பேனா? மாட்டேன். அதான் திருட்டுத்தனமா போயிருக்காரு. எழுபத்தோரு வயசுல மீன் வாங்கத் திருட்டுத்தனம் பண்ண வச்சது நான். அவர் எங்கயும் வர மாட்டாரு, இங்கதான் இருப்பாரு."

"நாளைக்கே ஏதாச்சும் ஆச்சுன்னா? யாரு கேரண்டி?"

"உனக்கும் எனக்கும் யாருடா கேரண்டி?"

பிரபு அப்பாவைப் பார்த்தான். அப்பா கடைசியில் வாயைத் திறந்தார். "மீன் கெட்டுப் போவுது. யாராச்சும் வெட்டிக் குடுங்க."

கல்யாணப் பந்தியை விட்டுவிட்டு வந்த கூட்டம், எல்லாருக்கும் பசி. கூடாரமும் இருந்தது, நாற்காலியும் இருந்தது. சரோஜா அக்கா அன்னாசி போட்டு மீன் குழம்பு வைத்தார். ஆளுக்கு ஒரு துண்டுகூடத் தேறவில்லை, குழம்பை ஊற்றியே சமாளித்தோம். லாபிஸை மறந்துவிட்டு கூடாரக்காரரும் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிரபு இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டான். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், அவனும் அப்புறம் துணியை எடுங்கள் என்று சொல்லவில்லை. சித்திதான் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசை முழுக்கக் காலியாக இருக்கிறதாம்.

திங்கட்கிழமை மெய் லிங்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாக ஒரு நிமிஷம் சிரிக்காமல் இருந்தாள், நல்ல பெண். அன்றே கோட்டைத் திருத்தினேன். இப்போது எங்கள் ஆப்பில் தகவல் வராத நேரத்தில் கோடே கிடையாது, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, நடுவில் "தகவல் இல்லை" என்று எழுத்து. எத்தனையோ வீடுகளில் எத்தனையோ மகள்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வேலையைப் பார்க்கிறார்கள். அதற்கு எனக்கு யாரும் மாலை போடவில்லை. போகட்டும்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த ஆப்பை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன், ஓடியதற்கு வெட்கப்பட மாட்டேன். நாளைக்கே சரோஜா அக்கா அப்படி ஒரு போன் செய்தால், எவர் தாலி கட்டினாலும் கத்திக்கொண்டுதான் ஓடுவேன். மாமாவிடம் மட்டும் சொல்ல மாட்டேன்.

போன மாதம் ஒரு நாள் அப்பா வீட்டுக் கோட்டில் சாம்பல் பட்டை வந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். விரல் துடித்தது. நான் கூப்பிடவில்லை. மனுஷன் நிம்மதியாக எங்கேயாவது போயிருப்பார் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிரபுவும் பார்த்துவிட்டுக் கேட்டான், "தகவல் இல்லை, அவ்வளவுதான், சும்மா இரு" என்று அவனுக்கும் பெருமையாகப் புத்தி சொன்னேன். அப்போது குடும்பக் குழுவில் அப்பாவின் குரல் வந்தது. (போனில் தனியாக டேட்டா இருக்கிறதே.) கடுங்கோபம்.

"மூணு மணி நேரமா நெட்டைப் பிடுங்கிப் போட்டுட்டு வீட்டுலயே உக்காந்திருக்கேன். பொண்ணும் கூப்பிடல, பையனும் கூப்பிடல. நான் என்ன, கூடாரத்துக்கு நானே சொல்லிக்கவா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. காய்ச்சலில் படுத்திருக்கும் கணேசனுக்குக் காப்பி பிந்தினால் கேட்கிறார். மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர நேரமானால் அவள் கேட்கிறாள். போன வாரம் சிங்கப்பூரிலிருந்து வேலை முடிந்து வரும்போது பிரபு எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டான். அவன் செய்தியை மூன்று மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் அவனும் எழுதினான்: "கூடாரத்துக்கு நானே சொல்லிக்கவா?" முதல் ஆளாக அப்பாதான் பதில் போட்டார், குரலில். "அவசரப்படாத. கூடாரக்காரன் என் கூட்டாளிதான், நான் சொல்லிக்கறேன். உனக்கு எத்தனை நாற்காலி?"